ஒரு கண்மாயின் நீரை ஓராண்டு ஆராய்வது எப்படி?

மதுரையைச் சுற்றியுள்ள கண்மாய்களைப் பற்றி மாணவர்கள் எழுதிய ஆய்வேடுகள் ஆண்டுதோறும் என் மேசைக்கு வருகின்றன. அவற்றில் பல ஒரே வார்ப்பில் இருக்கும். ஒரு நாள் போய் ஒரு புட்டியில் நீர் எடுத்திருப்பார்கள். ஆய்வகத்தில் இருபது சோதனைகள் செய்திருப்பார்கள். கடைசிப் பக்கத்தில் ஓர் அட்டவணையும் அதன்கீழ் ‘நீர் மாசடைந்துள்ளது’ என்றோ ‘வரம்புக்குள் உள்ளது’ என்றோ ஒரு தீர்ப்பும் இருக்கும். நீர் எடுத்தபோது மணி என்ன, எவ்வளவு ஆழத்தில் எடுத்தார்கள், அன்று கண்மாய் நிரம்பி மறுகால் பாய்ந்துகொண்டிருந்ததா, மடைக்குக் கீழே வற்றிக் கிடந்ததா என்ற விவரம் எங்கும் இராது. அந்த அட்டவணை புட்டியைப் பற்றித்தான் பேசுகிறது, கண்மாயைப் பற்றி அன்று.

ஒரு கண்மாயை ஆனி மாதம் தொடங்கி அடுத்த ஆனி வரை தொடர்ந்து கவனிக்க விரும்பும் ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் ஊர் இளைஞர்களுக்கும் பயன்படும்படி இந்த வழிமுறையை எழுதுகிறேன். விலை உயர்ந்த கருவிகள் தேவைப்படுவது சில இடங்களில்தான். தவறாமல் போய்வரும் கால்களும், போனதும் வந்ததும் மணியோடு எழுதிவைக்கும் நோட்டும்தான் முதல் தேவை.

கண்மாயைத் தேர்ந்தெடுத்தல்

பெரிய கண்மாயாகப் பார்த்து ஆசைப்பட வேண்டாம். வண்டியூர், மாடக்குளம், நிலையூர் போன்றவை பெயர் பெற்றவை. ஆனால் தொடக்கநிலை ஆய்வுக்கு அவற்றின் பரப்பும், நகரத்திலிருந்து பல முனைகளில் வந்து சேரும் கழிவுநீரும் கணக்கைக் குழப்பிவிடும். உங்கள் வீட்டிலிருந்து இருசக்கர வண்டியில் அரை மணி நேரத்துக்குள் போய்ச் சேரக்கூடிய, ஒன்றிரண்டு வரத்துக்கால்களும் இரண்டு மூன்று மடைகளும் உடைய நடுத்தரக் கண்மாய் போதும். தொலைவைப் பற்றி இவ்வளவு வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு: விடியலுக்கு முன்பே நீங்கள் கரையில் நின்றாக வேண்டிய நாள்கள் வரும்.

தேர்ந்தெடுத்த கண்மாய்க்கு எந்த வழியாக நீர் வருகிறது என்பதை முதலில் உறுதிசெய்துகொள்ள வேண்டும். மேற்கே பாய்ந்த பெரியாற்று நீரை 1895 முதல் மலையைக் குடைந்த சுரங்கம் வழியே நம் பக்கம் திருப்பிவருகிறோம்; அது வைகையில் கலந்து, 1959-இல் பயன்பாட்டுக்கு வந்த வைகை அணையில் தேங்கி, பேரணையில் பிரிந்து பெரியாறு பிரதானக் கால்வாயில் ஓடி, மேலூர் வட்டாரத்துக் கண்மாய்களை எட்டுகிறது. உசிலம்பட்டிப் பக்கத்துக் கண்மாய்கள் சில 58 கிராமக் கால்வாயை எதிர்பார்த்திருக்கின்றன. திருமங்கலம், பேரையூர்ப் பக்கம் வானம் பார்த்த கண்மாய்கள் மிகுதி. இந்த வேறுபாடு வெறும் வரலாற்றுச் செய்தி அன்று. கால்வாயில் வருவது மலைக்காட்டு மழைநீர், உப்புக் குறைந்தது. கரிசல் காட்டிலும் செம்மண் மேட்டிலும் வழிந்து வருவது வேறு நீர். கால்வாய் திறந்த வாரத்தில் உங்கள் கண்மாயின் உப்பளவு சட்டென்று இறங்கினால் ‘நீர் தூய்மையடைந்தது’ என்று எழுதிவிடக் கூடாது. வேறு நீர் வந்து சேர்ந்திருக்கிறது, அவ்வளவுதான்.

நம் கண்மாய்கள் தனித்தனியானவையும் அல்ல. மேல்கண்மாயின் மறுகால் நீர் கீழ்க்கண்மாயின் வரத்து. ஆகவே உங்கள் கண்மாய்க்கு மேலே ஒன்றும் கீழே ஒன்றும் பார்த்து, மூன்றையும் ஒரு தாளில் வரைந்துகொண்ட பிறகே வேலையைத் தொடங்க வேண்டும்.

அனுமதியும் ஆள்களும்

தமிழ்நாட்டில் 40 எக்டேருக்கு மேற்பட்ட ஆயக்கட்டு (பாசனப் பரப்பு) உடைய கண்மாய்கள் நீர்வளத்துறையின் பொறுப்பிலும், அதற்குக் குறைந்தவை ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பிலும் உள்ளன. உரிய அலுவலகத்தில் ஒரு கடிதம் கொடுத்து ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள். அதைவிட முக்கியமானவர் மீன்பாசிக் குத்தகை எடுத்தவர். அவரிடம் சொல்லாமல் இரவில் கரையில் விளக்கோடு நடமாடினால் என்ன நடக்கும் என்று விளக்க வேண்டியதில்லை. மூன்றாமவர் மடையைத் திறந்து மூடும் நீர்பாய்ச்சி. மடையை எப்போது திறந்தார், எத்தனை நாள் திறந்திருந்தது, எந்த ஆண்டில் மிகைநீர் வழியும் கலுங்கு வரை நீர் நின்றது என்பதெல்லாம் அவர் நினைவில் இருக்கும். அலுவலக ஆவணத்தில் கிடைக்காத பல தகவல்கள் அவரிடம் ஒரு தேநீர் நேரத்தில் கிடைக்கும்.

பாதுகாப்பைப் பற்றி இரண்டு சொற்கள்: தனியாக நீரில் இறங்காதீர்கள், மடைக்குழியையும் மண் அள்ளிய பள்ளங்களையும் கோடையிலேயே பார்த்து வரைபடத்தில் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். வெளியிலிருந்து பார்த்தால் முழங்கால் ஆழம்போலத் தெரியும் இடத்தில் ஆள் மூழ்கும் பள்ளம் இருக்கக்கூடும்.

வற்றிய கண்மாயில்தான் வேலை தொடங்குகிறது

நீர் வந்த பிறகு ஆய்வைத் தொடங்கலாம் என்று பலர் காத்திருப்பார்கள். அது பிழை. கண்மாயின் வடிவத்தை அளக்க உகந்த காலம் அது காய்ந்து கிடக்கும் காலமே. கொத்தனார்கள் மட்டம் பார்க்கப் பயன்படுத்தும் நீர் நிரப்பிய ஒளிபுகும் குழாய் ஒன்றும், செ.மீ. குறித்த இரண்டு கழிகளும் கொண்டு, மடையின் அடிமட்டத்தை மூலமாக வைத்து, உள்வாய் (நீர் தேங்கும் உட்பரப்பு) முழுவதும் ஐம்பது மீட்டருக்கு ஒரு புள்ளி என்ற கணக்கில் தரைமட்டத்தை எடுக்கலாம். இடத்தைக் கைப்பேசியே குறித்துக்கொடுக்கும். இந்தப் புள்ளிகளிலிருந்து ‘மடைக்கு மேல் இத்தனை செ.மீ. நீர் நின்றால் பரப்பு இவ்வளவு, கொள்ளளவு இவ்வளவு’ என்ற பட்டியல் ஒன்றைத் தயாரித்துக்கொள்ள வேண்டும். பின்னால் வரும் எல்லாக் கணக்கும் இந்தப் பட்டியலின்மேல்தான் நிற்கும்.

நீர்மட்டத்தை அளக்க, மடைக்கு அருகில் ஓர் இரும்புக் குழாயை ஆழமாக ஊன்றி அதில் செ.மீ. கோடுகளை வண்ணத்தால் இடுங்கள். பழைய மடைத்தூண்களிலும் கல்வெட்டுள்ள கற்களிலும் வண்ணம் பூசவே கூடாது. பாண்டிய நாட்டுக் கண்மாய்களில் அப்படிப்பட்ட கற்கள் எதிர்பாராத இடங்களில் நிற்கும்.

பரப்பைச் சரிபார்க்கச் செயற்கைக்கோள் படங்கள் துணைசெய்யும். சென்டினல்-2 செயற்கைக்கோள்களின் படங்கள் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. 10 மீட்டர் அளவு நுணுக்கத்தில், ஏறத்தாழ 5 நாளுக்கு ஒருமுறை ஒரே இடத்தைப் பார்க்கின்றன. நீர் பச்சை ஒளியை ஓரளவு திருப்பியனுப்பும், அண்மை அகச்சிவப்பு ஒளியைப் பெரும்பாலும் விழுங்கிவிடும். இந்த இரண்டின் வேறுபாட்டிலிருந்து நீர்ப்பரப்பைப் பிரித்தெடுக்கிறார்கள். ஆனால் ஐப்பசி, கார்த்திகையில் மேகம் மறைத்துவிடும். ஆகாயத்தாமரை மூடிய நீரைச் செயற்கைக்கோள் செடி முளைத்த தரை என்றே கொள்ளும். நகர்ப்புறக் கண்மாய் ஒன்றின் பரப்பு ஒரே ஆண்டில் பாதியாகிவிட்டதென்று படத்தை மட்டும் வைத்து அறிக்கை எழுதிய மாணவர் ஒருவரை, கரையில் கொண்டுபோய் நிறுத்திய பிறகுதான் நம்பவைக்க முடிந்தது. நீர் அத்தனையும் தாமரைக்கு அடியில் இருந்தது.

வரவும் செலவும்

வேதியியலுக்குப் போகும் முன் நீரின் வரவு செலவை எழுதப் பழக வேண்டும். மதுரை வட்டாரத்தில் ஆண்டு மழை சராசரியாக ஏறத்தாழ 850 மி.மீ.; அதில் பெரும்பங்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவக்காற்றில் பெய்கிறது. ஒரு சதுர மீட்டரில் ஒரு மி.மீ. மழை என்பது ஒரு லிட்டர். ஓர் எக்டேரில் அது 10,000 லிட்டர். கரையோரத்தில் மரநிழல் படாத இடத்தில் மழைமானி ஒன்றை வைத்து, வானிலைத் துறையைப் போலவே காலை 8.30 மணிக்கு நாள்தோறும் பார்த்தால், உங்கள் எண்ணை அரசு நிலையத்தின் எண்ணோடு ஒப்பிடலாம். வேறு மணியில் பார்த்தால் ஒப்பீடு கெடும்.

வரத்துக்காலில் ஓடும் நீரை அளக்க மிதவை போதும். நேராக ஓடும் பத்து மீட்டர் நீளத்தைக் கயிறு கட்டிக் குறித்துக்கொண்டு, எலுமிச்சம்பழம் ஒன்றை மேலே போட்டு, அது கடக்கும் நேரத்தை ஐந்து முறை எடுத்துச் சராசரி காணுங்கள். பாதி மூழ்கி மிதப்பதால் காற்று அதை எளிதில் தள்ளாது. மேற்பரப்பு நீர் அடிநீரைவிட வேகமாக ஓடும் என்பதால் கிடைத்த வேகத்தை 0.85-ஆல் பெருக்கி, பின் கால்வாயின் குறுக்குவெட்டுப் பரப்பால் பெருக்கினால் நொடிக்கு எத்தனை கன மீட்டர் என்பது கிடைக்கும்.

ஆவியாதல்தான் நம் ஊரில் பெரிய செலவு. தரப்படுத்தப்பட்ட ஆவியளவிப் பாத்திரம் 120.7 செ.மீ. விட்டமும் 25.4 செ.மீ. ஆழமும் உடையது. பட்டறையில் சொல்லித் தகரத்தில் செய்துகொள்ளலாம். மரச்சட்டத்தின்மேல் வைத்து, கம்பிவலை போட்டு மூட வேண்டும், இல்லாவிட்டால் நீங்கள் அளப்பது காக்கையும் வெள்ளாடும் குடித்த நீரின் அளவாக இருக்கும். பாத்திரத்து நீர் கண்மாய் நீரைவிட விரைவாகச் சூடேறுவதால், அதன் இழப்பை 0.7-ஆல் பெருக்கிக் கண்மாயின் ஆவியாதலாகக் கொள்வது வழக்கம்.

மடையெல்லாம் அடைத்து, வரத்தும் நின்று, மழையும் இல்லாத ஒரு வாரம் கிடைத்தால் அதை விட்டுவிடாதீர்கள். எடுத்துக்காட்டாக, அந்த நாள்களில் கண்மாய் மட்டம் நாளொன்றுக்கு 11 மி.மீ. இறங்குகிறது, பாத்திரத்தில் 9 மி.மீ. குறைகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒன்பதில் 0.7 மடங்கு 6.3. மீதமுள்ள 4.7 மி.மீ. எங்கே போயிற்று? மண்ணுக்குள். பரப்பு 20 எக்டேர் என்றால் அது நாளொன்றுக்கு 940 கன மீட்டர், அதாவது 9 இலட்சத்து 40 ஆயிரம் லிட்டர். கரைக்குக் கீழே உள்ள கிணறுகள் இரண்டின் நீர்மட்டத்தையும் அதே வாரத்தில் கயிறு விட்டு அளந்தால், இந்த எண் உயிர் பெறும். ‘கண்மாய் நிறைந்தால் கிணறு ஊறும்’ என்று ஊரில் சொல்வதன் அளவு என்ன என்பதை அந்த ஊருக்கே எண்ணால் காட்ட முடிகிற இடம் இது; முழு ஆய்வில் எனக்கு மிகவும் பிடித்த பகுதியும் இதுவே.

நீர் எடுத்தல்

வரத்துக்கால் வாய், நடு ஆழம், மடையருகு என மூன்று நிலையான இடங்கள் போதும். கழிவுநீர் கலக்கும் வாய்க்கால் ஏதேனும் இருந்தால் அது நான்காவது. மேற்பரப்பில் மிதக்கும் தூசியைத் தவிர்க்கப் புட்டியைக் கவிழ்த்தபடி முழங்கை ஆழம் வரை, அதாவது 30 செ.மீ. அளவுக்குக் கொண்டுபோய், அங்கே நிமிர்த்தி நிரப்ப வேண்டும். அதற்கு முன் அதே நீரால் மூன்று முறை அலசியிருக்க வேண்டும். நுண்ணுயிர்ச் சோதனைக்கான புட்டியை மட்டும் அலசக் கூடாது. அது கிருமி நீக்கி மூடிய நிலையில் வருவது. சேற்றைக் கலக்கிக்கொண்டு நடந்துபோய், கலங்கிய அதே இடத்தில் புட்டியை முக்குவதுதான் மாணவர்கள் செய்யும் முதல் பிழை. காற்றுக்கு எதிர்த்திசையில் நின்று, கலங்காத பக்கம் கையை நீட்டுங்கள்.

புட்டியின் மேல் இடம், ஆழம், நாள், மணி, எடுத்தவர் பெயர் ஆகியவற்றைப் பென்சிலால் எழுதுங்கள். பேனா மை ஐஸ் பெட்டியில் கரைந்துவிடும். பத்துப் புட்டிக்கு ஒன்று வீதம் ஒரே இடத்தில் இரட்டையாக எடுத்து, ஆய்வகத்துக்கு எது எதன் இரட்டை என்று சொல்லாமல் கொடுங்கள். இரண்டின் முடிவுகளும் எவ்வளவு விலகியிருக்கின்றன என்பதே உங்கள் எல்லா எண்களின் நம்பகத்தன்மையையும் சொல்லிவிடும்.

தெளிவு

1865-இல் இத்தாலிய வானியலாளரும் குருவானவருமான ஆஞ்செலோ செக்கி கடல்நீரின் தெளிவைக் காண வெள்ளைத் தட்டொன்றைக் கயிற்றில் இறக்கிப் பார்த்தார். இன்றும் நன்னீர் ஆய்வில் அதுவே எளிய கருவி: 20 செ.மீ. விட்டமுள்ள தட்டு, கால்வட்டங்களாகப் பிரித்து மாற்றி மாற்றிக் கறுப்பும் வெள்ளையும் பூசியது, அடியில் எடை கட்டியது. காலை பத்துக்கும் பிற்பகல் இரண்டுக்கும் இடையில், படகின் நிழல் விழும் பக்கத்தில் மெல்ல இறக்கி, மறையும் ஆழத்தையும், தூக்கும்போது மீண்டும் தெரியும் ஆழத்தையும் எடுத்துச் சராசரி காண வேண்டும். ஒவ்வொரு முறையும் ஒரே ஆள் பார்ப்பது நல்லது.

நம் கண்மாய்களில் தட்டு ஒரு சாண் ஆழத்திலேயே மறைந்துவிடுவது உண்டு. மறைத்தது வண்டலா, பாசியா என்பதே கேள்வி. கண்ணாடிக் குவளையில் நீரை எடுத்து ஓரிரவு அசையாமல் வைத்துப் பாருங்கள். நுண்ணிய களிமண் மறுநாளும் செந்நிறமாகவே மிதந்துகொண்டிருக்கும். நீலப்பச்சைப் பாசி என்றால் மேலே ஏறி, பச்சை வண்ணம் கொட்டியதுபோல ஏடு படிந்திருக்கும். முதல் மழையில் வரும் சிவப்புக் கலங்கலைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. பங்குனி, சித்திரையில் வரும் பச்சைக் கலங்கலுக்குத்தான் கூர்ந்த கவனம் வேண்டும்; அந்த ஏடு படிந்த நீரை ஆடுமாடு குடிக்காமல் பார்த்துக்கொள்ளும்படி ஊராரிடம் சொல்லிவிடவும் வேண்டும், ஏனெனில் சில நீலப்பச்சைப் பாசிகள் நஞ்சு சுரப்பவை.

உயிர்வளி: விடியலுக்கு முன் ஒரு புட்டி

நாங்கள் முதன்முதலாக ஒரு கண்மாயை எடுத்துக்கொண்ட ஆண்டில், சனிக்கிழமைதோறும் காலை பத்தரை மணிக்கு நீர் எடுத்தோம். வண்டி கிடைத்த நேரம் அது. வேறு காரணம் இல்லை. நீரில் கரைந்த உயிர்வளி (ஆக்சிஜன்) எல்லா வாரமும் நன்றாகவே இருந்தது. பங்குனியில் ஒரு நாள் காலையில் கண்மாய் முழுவதும் கெண்டைகள் வயிறு மேலாக மிதந்தன. யாரோ மருந்து கலந்துவிட்டார்கள் என்று ஊரில் பேச்சு எழுந்தது. குத்தகைக்காரருக்கும் மறுகரைக்காரர்களுக்கும் இடையே வழக்காகும் அளவுக்குப் போயிற்று. எங்கள் அட்டவணையைக் கேட்டார்கள். அதில் எல்லாம் வரம்புக்குள் இருந்தது. நீர்பாய்ச்சி மட்டும் சிரித்துக்கொண்டே, “நீங்க வர்ற நேரத்துல தண்ணி நல்லாத்தான் சார் இருக்கும். கோழி கூவுறதுக்கு முந்தி வந்து பாருங்க, மீனெல்லாம் மேல வந்து வாயப் பொளந்துக்கிட்டு நிக்கும்” என்றார்.

மறுவாரம் ஐந்து மணிக்குப் போனோம். உயிர்வளியை அளக்க 1888 முதல் வழக்கிலுள்ள விங்க்ளர் முறையில், 300 மி.லி. புட்டியில் குமிழி புகாமல் நீரை நிரப்பி, முதலில் மாங்கனீசு சல்பேட்டும், அடுத்துக் காரம் கலந்த அயோடைடு-அசைடு கரைசலும் தலா 2 மி.லி. நீருக்குள்ளேயே விட்டு, மூடித் தலைகீழாக்கிப் பல முறை கலக்க வேண்டும். உயிர்வளி இருந்தால் பழுப்பு நிறத்தில் திரி திரியாக வீழ்படிவு இறங்கும். அன்று டார்ச் வெளிச்சத்தில் நாங்கள் பார்த்த புட்டியில் பால் திரிந்ததுபோல வெள்ளையாகவே இறங்கியது. உயிர்வளி அறவே இல்லை என்பதன் அடையாளம் அது. அதே நாள் பிற்பகல் மூன்று மணிக்கு, அதே இடத்தில் எடுத்த புட்டி டிகாக்‌ஷன் நிறத்துக்கு இருண்டது.

காரணம் எளிது. பாசி பகலில் ஒளிச்சேர்க்கையால் உயிர்வளியை நீரில் நிறைக்கிறது. இரவு முழுவதும் பாசியும் மீனும் அடிச்சேறும் சேர்ந்து அதைச் செலவழிக்கின்றன. வெந்நீர் குறைவாகவே உயிர்வளியைத் தாங்கும் என்பது வேறு: 25 பாகை வெப்பத்தில் லிட்டருக்கு ஏறத்தாழ 8.3 மி.கி. வரை கரையும், 30 பாகையில் 7.6 மி.கி. மட்டுமே. நீர் குறைந்து, பாசி மிகுந்து, இரண்டு நாள் மூட்டமும் சேர்ந்துகொண்டால், விடியற்காலையில் கையிருப்பு தீர்ந்துவிடுகிறது. மருந்து எதுவும் வேண்டியதில்லை. மாதத்துக்கு ஒரு நாளாவது, கிழக்கு வெளுப்பதற்கு முன் ஒன்றும் பிற்பகல் மூன்று மணியளவில் ஒன்றும் எடுங்கள். இரண்டின் இடைவெளி எவ்வளவு பெரிதோ, கண்மாய் அவ்வளவு உரமேறிக் கிடக்கிறது என்று பொருள். ஒருமுறை மட்டுமே போக முடியும் என்றால் விடியற்காலையைத் தேர்ந்தெடுங்கள்.

முறையின் மீதியையும் சொல்லிவிடுகிறேன். வீழ்படிவு பாதி இறங்கியதும் அடர் கந்தக அமிலம் 2 மி.லி. விட்டு மூடிக் கலக்கினால் அது கரைந்து மஞ்சள் பழுப்பாகும். இந்த நிலையில் புட்டியை இருட்டில் வைத்து ஆய்வகம் வரை கொண்டுவரலாம். அதில் 200 மி.லி. எடுத்து, 0.025 நார்மல் சோடியம் தயோசல்பேட்டைச் சொட்டுச் சொட்டாக விட்டு, வைக்கோல் நிறம் வந்ததும் ஸ்டார்ச் கரைசல் சேர்த்தால் நீலமாகும். அந்த நீலம் மறையும் சொட்டில் நிறுத்த வேண்டும். இந்த அளவுகளில் செலவான ஒவ்வொரு மி.லி.யும் லிட்டருக்கு ஒரு மி.கி. உயிர்வளி என்று கொள்ளலாம், 5.6 மி.லி. செலவானால் 5.6 மி.கி. சற்று நேரம் கழித்து நீலம் மீண்டும் தோன்றினால் பொருட்படுத்த வேண்டாம். அசைடு நச்சு, அமிலம் சுடும். கையுறையும் கண்ணாடியும் இன்றித் தொடக் கூடாது, மிச்சத்தைக் கண்மாயில் ஊற்றவும் கூடாது.

மற்ற அளவுகள்

மின்கடத்து திறன் அளவி சிறியது, விலை குறைந்தது, தவறாமல் வாங்க வேண்டியது. அது காட்டும் மைக்ரோசீமென்ஸ் எண்ணை 0.65 அளவில் பெருக்கினால் கரைந்த உப்பின் மி.கி. அளவு தோராயமாகக் கிடைக்கும். கோடையில் நீர் சுண்டச் சுண்ட இந்த எண் ஏறிக்கொண்டே போவது இயல்பு. நீர்மட்டம் பாதியானபோது உப்பு இரண்டு மடங்குக்கு மேல் ஏறியிருந்தால், வெளியிலிருந்து ஏதோ கலக்கிறதா என்று தேடலாம்; ஆனால் ஒப்பிட வேண்டியது மட்டத்தை அன்று, பட்டியலிலிருந்து எடுத்த கொள்ளளவை.

பி.எச். அளவியை ஒவ்வொரு நாளும் 7 என்ற தரக் கரைசலிலும், 9.2 அல்லது 4 என்ற இரண்டாம் கரைசலிலும் சரிசெய்த பிறகே நீரில் இட வேண்டும். பாசி கரியமிலவாயுவை உறிஞ்சுவதால் பிற்பகலில் பி.எச். ஏறும், இரவில் இறங்கும். இங்கும் மணிதான் பேசுகிறது. இதற்கும் அமோனியாவுக்கும் உள்ள உறவைக் கழிவுநீர் கலக்கும் கண்மாய்களில் கவனிக்க வேண்டும். நீரின் வெப்பம் 25 பாகையாக இருக்கையில், மொத்த அமோனியாவில் மீனைக் கொல்லும் கட்டற்ற வடிவம் பி.எச். 8-இல் ஏறத்தாழ 5 விழுக்காடு, பி.எச். 9-இல் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். ஆகவே ஒரே அளவு சாக்கடை காலையில் தீங்கின்றியும் பிற்பகலில் நஞ்சாகவும் இருக்கக்கூடும்.

மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் வகைப்பாட்டில் மீன்வளர்ப்புக்குரிய நீரில் உயிர்வளி லிட்டருக்கு 4 மி.கி.க்குக் குறையக் கூடாது, கட்டற்ற அமோனியா 1.2 மி.கி.யைத் தாண்டக் கூடாது. குளிப்பதற்குரிய நீரில் உயிர்வளி குறைந்தது 5, உயிர்வேதி உயிர்வளித் தேவை (கழிவை நுண்ணுயிர்கள் சிதைக்கச் செலவாகும் உயிர்வளி) 3-க்கு மிகாமல் இருக்க வேண்டும். பாசனத்துக்கு மின்கடத்து திறன் 2250 மைக்ரோசீமென்ஸுக்குள் இருக்க வேண்டும். குடிநீருக்கு உரியது ஐ.எஸ். 10500 என்ற தனித் தரநிலை. கண்மாய் நீரைக் குடிநீர்த் தரநிலையோடு ஒப்பிட்டு ‘தகுதியற்றது’ என்று எழுதுவதில் பொருள் இல்லை. எந்தக் கண்மாயும் சுத்திகரிக்காமல் குடிப்பதற்கு உரியதன்று. நைட்ரேட், புளோரைடு, நுண்ணுயிர் ஆகியவற்றை மாவட்டத்திலுள்ள குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் கட்டணம் செலுத்திச் சோதித்துக்கொள்ளலாம்.

உயிரினங்கள்

“மீன் இருக்கு, அப்ப தண்ணி நல்லாருக்கு” என்ற வாதம் கரையில் அடிக்கடி கேட்கும். விராலும் பனையேறிக் கெண்டையும் மேலே வந்து காற்றைக் குடித்தே வாழ வல்லவை. அவை மட்டும் மிஞ்சியிருந்தால் அது நல்ல செய்தி அன்று. எந்த மீன் என்று இனம் பிரித்து எழுதுங்கள். வலை இழுக்கும் நாளில் குத்தகைக்காரரோடு நின்றால் ஒரே காலையில் பட்டியல் முடிந்துவிடும்.

சேற்றை அரை மி.மீ. கண்ணுள்ள சல்லடையில் அலசிப் பார்த்தால் கிடைக்கும் பூச்சிகள் பல மாதங்களின் சாட்சிகள். இரத்தச் சிவப்பில் நெளியும் கொசுவின உறவுப் பூச்சியின் புழுக்கள், நம் இரத்தத்தில் உள்ளது போன்ற சிவப்புப் பொருளைக் கொண்டு உயிர்வளி குறைந்த சேற்றிலும் பிழைப்பவை. அவை மட்டுமே குவிந்திருந்தால் அடிச்சேறு மூச்சடைத்துக் கிடக்கிறது என்று கொள்ளலாம். தும்பியின் இளம் பூச்சிகளும் நீர்வண்டுகளும் நத்தைகளும் கலந்திருந்தால் நிலைமை பரவாயில்லை. பறவைகளைச் சனவரியில் எண்ணுங்கள். ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு ஒவ்வோர் ஆண்டும் அந்த மாதத்தில்தான் நடக்கிறது; சாமநத்தம் போன்ற கண்மாய்களில் எண்ணுவோருடன் ஒரு காலை சேர்ந்து நின்று பழகிக்கொண்டு, பிறகு உங்கள் கண்மாயில் தனியாக எண்ணலாம்.

நோட்டு

எண்களைக் கணினியில் ஏற்றுவதற்கு முன், கரையில் எழுதிய நோட்டைப் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அளக்காத நாளுக்குப் ‘பூஜ்யம்’ என்று போடாதீர்கள், ‘அளக்கவில்லை’ என்று எழுதுங்கள். இந்தப் பூஜ்யத்தால் ஒருமுறை எங்கள் ஆண்டுச் சராசரியே கவிழ்ந்தது. அடுத்தடுத்த வாரங்களில் எண் பொருந்தாமல் துள்ளினால், அழிப்பதற்கு முன் அன்றைய குறிப்பைப் படியுங்கள். மேல்கண்மாய் மறுகால் பாய்ந்தது, ஆட்டுக்கிடை போட்டிருந்தார்கள், மடை திறந்தார்கள் என்று ஏதோ ஒரு வரி அங்கே இருக்கும். இல்லையென்றால் நீர்பாய்ச்சியிடம் கேளுங்கள்.

ஊர்க்கூட்டத்தில் முடிவுகளைச் சொல்லும்போது மி.கி. கணக்கு வேண்டாம். தை மாதம் கலுங்கு மட்டத்தில் நின்ற நீரில் எத்தனை பங்கு வயலுக்குப் போனது, எத்தனை பங்கு வெயிலுக்குப் போனது, எத்தனை பங்கு கிணற்றுக்குப் போனது என்று சொல்லுங்கள். மீன் செத்த காலையைப் பற்றிக் கேட்டால், ஐந்து மணிப் புட்டியையும் மூன்று மணிப் புட்டியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எடுத்த படத்தைக் காட்டுங்கள்.

வைகாசியில் கண்மாய் மீண்டும் காய்ந்ததும் உள்வாயில் ஐந்தாறு இடங்களில் குழி வெட்டி, மேலே படிந்த கரம்பை வண்டலின் தடிப்பைப் பழைய கட்டாந்தரை தென்படும் வரை அளந்துவிடுங்கள். ஊரார் வயலுக்குக் கரம்பை அள்ளப் போகிறார்கள் என்றால், அள்ளுவதற்கு முன் ஒருமுறையும் பின் ஒருமுறையும் அளக்க வேண்டும். கொள்ளளவுப் பட்டியல் அதனால் மாறிவிடும். ஊன்றிய குழாய் சாய்ந்திருக்கிறதா என்று மட்டம் பார்த்து, அழிந்த கோடுகளுக்கு மறுபடி வண்ணம் பூசி, ஆனி முதல் மழைக்கு முன் புது நோட்டின் முதல் பக்கத்தில் மடையின் அடிமட்டத்தை எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.